இரண்டரை வயதுப் பிள்ளையும் நாள் முழுக்க ஓடும் டிவியும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. அவன் அப்பா குவைத்தில் இருக்கிறார். காலையில் மாமி போடும் டிவி ராத்திரி வரை ஓடும். கார்ட்டூன் இல்லாமல் சோறு இறங்காது. 'அம்மா', 'தா' என்று ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறான். டிவி பார்ப்பது பிள்ளைகளுக்குக் கெடுதியா?
- கருங்கல் வாசகி

பதில்: முதலில் அவன் பேச்சைப் பார்ப்போம். இரண்டு வயதிலேயே பிள்ளைகள் 'பால் தா', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்குவார்கள். 'ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். டிவிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிட்டால், காது கேட்பதில் குறை இருந்தாலும் கவனிக்காமல் போய்விடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

இனி டிவி. நாள் முழுக்க ஓடுவது இந்த வயதில் கெடுதிதான். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பிள்ளை 'ஆ' என்று எதையாவது காட்டினால் நீங்கள் திரும்பிப் பார்த்து, 'காக்காவா? பறந்து போச்சா?' என்பீர்கள். பேச்சு வளர்வது அப்படித்தான். டிவி அவனுக்குப் பதில் சொல்லாது. அவன் பார்க்காவிட்டாலும், பக்கத்தில் சீரியல் ஓடும்போது பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவது குறைந்துவிடுகிறது.

மாமியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவருக்கும் அதுதானே பேச்சுத்துணை? பிடித்த சீரியல் நேரத்தில் நீங்கள் பிள்ளையோடு முற்றத்துக்குப் போய்விடுங்கள். மற்ற நேரம் அணைத்து வைக்கலாமா என்று தன்மையாகக் கேளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு வேளையை மட்டும் முதலில் மாற்றுங்கள். படத்தில் லயித்த பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது, வாய் அது பாட்டுக்குத் திறக்கும். தரையில் உட்கார வைத்து, ஒரு மட்டி வாழைப்பழத்தை அவன் கையிலேயே கொடுங்கள். நீங்கள் நுனியைக் கிள்ளிக் கொடுத்தால் மீதித் தோலை அவனே உரிப்பான். பாதியை நசுக்கி மேலெல்லாம் பூசிக்கொள்வான், பரவாயில்லை. 'உரி', 'தோலு', 'இன்னும் வேணுமா?' என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள். நாலைந்து நாள் அழுது அடம் பிடிப்பான், குறைவாகத்தான் சாப்பிடுவான். அதற்காக டிவியைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அப்பாவோடு பேசும் வீடியோ காலை நிறுத்தவே வேண்டாம். அங்கே கேட்டால் பதில் வருகிறது, முகம் சிரிக்கிறது. 'கையில என்ன மக்களே?' என்று கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும் வரை காத்திருக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அவன் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.