மூன்றாம் தலைமுறை ஜெயந்தி ரோகு ஏன் மெதுவாக வளர்கிறது

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் 4 ஆண், 12 பெண் இனப்பெருக்க மீன்களிலிருந்தே மூன்று தலைமுறையாக ஜெயந்தி ரோகு (வேகமாக வளரத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரோகு கெண்டை வகை) குஞ்சு எடுப்பதாகவும், அவை இப்போது மெதுவாக வளர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தீவனத்தை மாற்றுவதற்கு முன் ஆண் மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

உட்கலப்பே, அதாவது நெருங்கிய உறவுள்ள மீன்களுக்குள் நடக்கும் இனப்பெருக்கமே, காரணமாக இருக்கலாம். ஆண், பெண் எண்ணிக்கைகளின் பெருக்குத்தொகையை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் மரபளவில் பயன்படும் எண்ணிக்கை கிடைக்கும்: உங்களிடம் 16 மீன் இருந்தும் அது 12 மட்டுமே, ஆகவே (ஒன்றை அதன் இரு மடங்கால் வகுத்தால்) தலைமுறைக்கு ஏறத்தாழ 4.2 சதவீதம் உட்கலப்பு சேர்கிறது. பத்து ஆண், பத்துப் பெண் என்றால் 2.5 சதவீதம். 1992இல் புவனேசுவரத்தில் ஜெயந்தியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கியவர்கள் கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆறுகளின் மீன்களைச் சேர்த்தது மரபுப் பன்மைக்காகத்தான். அதைச் சில குடும்பங்களுக்குள் சுருக்கிவிடுவது வருத்தத்துக்குரிய இழப்பு.

சோதிக்க, நம்பகமான பண்ணையிலிருந்து அதே வயதும் எடையும் உள்ள ஜெயந்திக் குஞ்சுகளை வாங்கி, ஒரு பக்க வயிற்றுத் துடுப்பின் நுனியை வெட்டி அடையாளமிட்டு, மறுபக்கத் துடுப்பை வெட்டிய உங்கள் குஞ்சுகளுடன் ஒரே குட்டையில் சம எண்ணிக்கையில் விட்டு, மூன்று மாதம் கழித்து எடை போடுங்கள். தனித்தனிக் குட்டைகளில் விட்டால் ஒப்பீடு பயன்படாது.

இரண்டுமே மெதுவாக வளர்ந்தால் குறை மரபில் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது இருப்படர்த்தியையும் (குட்டையின் பரப்புக்கு எத்தனை மீன் விட்டிருக்கிறீர்கள் என்பதையும்), விடியற்காலை நீரிலுள்ள ஆக்சிஜனையும் பாருங்கள்.