40 விழுக்காட்டில் அணைந்துவிடும் மடிக்கணினி

வணக்கம் ஐயா. யாங்கோனில் மின்சாரம் போனதும், பேட்டரி 40 விழுக்காடு காட்டும்போதே மடிக்கணினி அணைந்துவிடுகிறது, ஜெனரேட்டர்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். சார்ஜர் வேலை செய்யாத நேரத்தில் அணைவதால் ஜெனரேட்டர்மீது எனக்குச் சந்தேகமில்லை. விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பின்னது முன்னதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் தேய்ந்துவிட்டன, பேட்டரியை மாற்றுவதே வழி. அவ்வளவு குறையவில்லையென்றால், காட்டும் விழுக்காடு சரியாகிறதா என்று பார்க்க, பேட்டரியை முழுதாக ஏற்றி, தானாக அணையும்வரை பயன்படுத்தி, மறுபடி முழுதாக ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே இடத்தில் அணைந்தால், கணினி அதிக மின்சாரம் இழுக்கும்போது ஏதோ ஒரு செல்லின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது என்றே கொள்வேன். ஆனால் டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, சமமான மேசையில் கணினி ஆடினாலோ, இவை எதையும் செய்யாமல் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்; உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.