நேரலையில் எப்படிச் சேர்ந்து பார்ப்பது? அது ஏன் கொஞ்சம் பிந்தி வருகிறது?

நேரலை என்பது ஒரு நிகழ்வை நடக்கும்போதே இணையத்தில் அனுப்புவது. பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை: வந்த லிங்கை அழுத்தினால் போதும். யூடியூப்பில் பொது நேரலை பார்க்கக் கணக்கே வேண்டாம். பக்கத்தில் ஓடும் அரட்டையில் 'அரோகரா' போடத்தான் கணக்கு வேண்டும். படம் சுற்றிக்கொண்டே நின்றால் படத்தின் தரத்தை '360p' என்ற அளவுக்குக் குறையுங்கள்.

பிந்துவதுதான் சுவாரசியம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் குளக்கரையில் நின்று, டொரொன்டோவில் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன். "சாமி தண்ணியில இறங்கிட்டுது" என்றேன். "இல்லயேடா, இங்க இன்னும் படியிலதானே நிக்குது!" என்றாள்.

காரணம், படம் ஆற்றுத் தண்ணீர் போல ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில வினாடித் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறார்கள். தயிர்ச் சட்டிகளைக் கைமாற்றி லொறியில் ஏற்றுவது போல. கடைசி ஆள் உங்கள் போன். நடுவில் ஒரு கை தாமதித்தாலும் வேலை நிற்காமலிருக்க, அது இரண்டு மூன்று சட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். அதனால் சில வினாடி முதல் அரை நிமிடம் வரை பிந்தும். இடையில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் இன்னும் பிந்துவீர்கள். 'நேரலை' என்ற புள்ளியை அழுத்தினால் முன்னுக்கு வரலாம்.

வெளிநாட்டுத் தூரத்தால்தான் பிந்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பிலேயே, கல்லடியில் இருந்து போனில் பார்ப்பவருக்கும் ஏறத்தாழ அதே பிந்தல்தான்.