கைநாட்டு வாத்தியார்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கூடம் என்பதே ஆலை முதலாளிகள் தங்களுக்கு அடங்கிய வேலையாட்களைத் தயாரித்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று ஓர் உரையில் கேட்டேன். மணி, வரிசை, வருகைப் பதிவு எல்லாமே ஆலையிலிருந்து வந்தவையாம். உண்மையா?

க.

அன்புள்ள க.,

நானும் ஒரு காலத்தில் இதையே மேடையில் முழங்கியவன்தான். அப்புறம் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது இடித்தது. பிரஷ்யா (பின்னாளில் ஜெர்மனியோடு சேர்ந்த நாடு) மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கட்டாயக் கல்விக்கு ஆணையிட்டது 1763-இல். அன்று அந்த நாட்டின் பெரும்பகுதி வயல்காடு. ஆலைகளின் தாய்வீடான இங்கிலாந்திலோ பள்ளிக்கு வருவது நாடு முழுக்கக் கட்டாயமானது 1880-இல்தான். முதலாளிகளுக்கு அவ்வளவு அவசரம் என்றால் இத்தனை காலம் ஏன் காத்திருந்தார்கள்?

பஞ்சாலைக்காரர்கள் பலருக்கு வேண்டியிருந்தது அறுந்த நூலை முடிச்சுப் போடும் சின்னக் கைகள். இங்கிலாந்தின் 1833 சட்டம், ஆலையில் வேலை செய்யும் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்றது. அதற்குச் சான்றிதழ் வேண்டுமே? வந்தது. சிலவற்றில் வாத்தியார் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார். பாவம், அவருக்கே எழுதத் தெரியாது! 1844-க்குப் பிறகு அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி. விடிகாலையில் ஆலைக்குப் போன பிள்ளை மதியம் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழும். இதற்கு முடிவுகட்ட 1918-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கூலி போய்விடுமே என்று பெற்றோர்கள் பலரும் அதுவரை இந்த அரை நாள் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, முதலாளித்துவத்துக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. 1870-இல் கல்வி மசோதாவைக் கொண்டுவந்த ஃபார்ஸ்டர், நாட்டின் தொழில்வளம் இதை நம்பியிருக்கிறது என்றே நாடாளுமன்றத்தில் வாதாடினார். ஆனால் நீங்கள் சொல்லும் மணி, ஆலைக்கு வெகுகாலம் முன்பே மடாலயங்களில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உறுத்துவது வரவுசெலவுக் கணக்கேடு. 1862-இல் அங்கே அரசின் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ ஒரு விதி கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். ஒன்றில் தவறினால் பள்ளியின் மானியத்தில் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு. வாத்தியார்கள் என்ன செய்வார்கள்? வாசிப்புப் புத்தகத்தை முழுசாக உருப்போட வைத்தார்கள். மானியம் தராத வரலாறும் புவியியலும் மூலைக்குப் போயின. ஏறக்குறைய முப்பது வருடம் இப்படியே ஓடியது.

அந்தப் பேச்சாளரை மறுபடி பார்த்தால், மணியை விட்டுவிட்டு இந்த இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸைப் பற்றிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.