முக்திநாத் பயணம்: கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

கேள்வி: நான், மனைவி, 68 வயது அம்மா மூவரும் அடுத்த மாதம் நேப்பாள மலையிலுள்ள முக்திநாத் கோவிலுக்குப் போகிறோம். ஏஜெண்டின் கட்டணத்தில் போக்கரா நகரம் வரைதான் சாப்பாடு சேர்த்தி. அதற்கு மேல் நான்கு நாள் எங்கள் செலவு. இங்கே மலேசியாவில் ரொட்டி சானாய்க்குக்கூட கைப்பேசியில்தான் பணம் கட்டுகிறேன். அங்கே கார்டு போதுமா, ரொக்கம் எவ்வளவு வேண்டும்? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போக்கரா வரை கார்டு போதும். அதற்கு மேல் ரொக்கம்தான் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்திநாத் போகும் வழியிலுள்ள ஜோம்சோம் ஊரில் ஏடிஎம் உண்டு. ஆனால் கரண்ட் போனால், இணையம் விட்டுப்போனால், உள்ளே நோட்டுத் தீர்ந்தால் அது வெறும் பெட்டி. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். ரிங்கிட்டில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று நேப்பாள ரூபாயையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பினாங்கிலேயே நேப்பாள ரூபாய் தேடி அலைய வேண்டாம். லட்சக்கணக்கான நேப்பாளிகள் மலேசியாவில் வேலை செய்வதால், அந்நாட்டு மத்திய வங்கியின் தினசரி விகிதப் பட்டியலில் ரிங்கிட்டும் இருக்கிறது. காத்மாண்டுவில் மாற்றிக்கொள்ளலாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். விமான நிலைய விசாவுக்கு ஆளுக்கு 30 அமெரிக்க டாலர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அது 15 நாளுக்குச் செல்லும். அன்னபூர்ணா வட்டார அனுமதிச் சீட்டு ஆளுக்கு 3,000 ரூபாய். இந்தியர்களுக்கு 1,000தான், ஆனால் நம்முடையது மலேசிய பாஸ்போர்ட். இதெல்லாம் கட்டணத்தில் அடக்கமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மேலே போகப் போக விலை ஏறும், ஏனென்றால் அரிசியும் எரிவாயும் கீழிருந்துதான் வர வேண்டும். அதனால் உள்ளூர்ச் சாப்பாடான தால் பாத் கேளுங்கள். சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய். பெரும்பாலும் சோறும் பருப்பும் மறுபடி கேட்டால் போடுவார்கள், கூடுதல் காசு இல்லை. அம்மா சைவம் என்றால் இதைவிட நிம்மதி வேறில்லை. மலைத் தங்குமிடங்களில் அறை வாடகை மலிவு, லாபம் சாப்பாட்டில்தான். தங்கிய இடத்திலேயே சாப்பிடுவதுதான் மரியாதை. சுடுதண்ணீருக்கும் கணக்கு எழுதுவார்கள், அதனால் இரவே கணக்குச் சீட்டைப் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று அம்மாவின் வயிற்றைக் காயப்போடாதீர்கள். கோவில் இருப்பது சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், அந்தக் குளிரில் சூடான சாப்பாடும் தண்ணீரும் மருந்துக்குச் சமம்.

என் கணக்கு இது. உணவு, தேநீர், தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். மூவருக்கு நான்கு நாளில் 36,000. அதற்கு மேல் 30,000 தனி உறையில் இருக்கட்டும். ஜோம்சோம் பள்ளத்தாக்கில் பிற்பகலானால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், விமானம் காலையில் மட்டும்தான். மேகம் மூடினால் அதுவும் இல்லை. நானே அங்கே இரண்டு இரவு மாட்டிக்கொண்டு, கையிருப்பு கரையக் கரையக் கவலைப்பட்டிருக்கிறேன். அந்த உறை இரண்டு நாள் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். குதிரைக்கோ சால்வைக்கோ அதைத் தொடாதீர்கள். மொத்தம் 66,000, ஏறத்தாழ 2,000 ரிங்கிட். மூன்று பேரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்புறுதியில் 3,000 மீட்டருக்கு மேலான உயரமும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 68 வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஒரு கட்டு அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள். பெருமாளின் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று சொல்லப்படுவது இந்த முக்திநாத்தான்; அங்கே வந்து நிற்கும்போது, உண்டியலில் போட அவர் உங்களிடம் கை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.