அப்பாவின் பாட்டுப் பெட்டிக்குப் பதில் இனி போன்தானா?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2009-ல் அப்பாவுக்கு 4 ஜிபி எம்பி3 பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். இப்போது அதில் அரைமணி நேரம்கூட சார்ஜ் நிற்பதில்லை. அப்பாவுக்கு வயது 71. விடியற்காலையில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதும், சாயங்காலம் கட்டுத்தரையில் மாடுகளுக்குத் தட்டுப் போடும்போதும் அவருக்குப் பாட்டு ஓட வேண்டும். கடையில் கேட்டால், "அதெல்லாம் இனி வராதுங்க, ஒரு போன் வாங்கிக் குடுத்துருங்க" என்கிறார்கள். வாங்கிக் கொடுத்த டச் போன் ஈரக் கைக்குச் சரிப்படவில்லை. தோட்டத்தில் சிக்னலும் விட்டு விட்டு வருகிறது. இதற்கு நடுவில் பத்தாவது படிக்கும் மகளும் பாட்டுக் கேட்க ஏதாவது வேண்டும் என்கிறாள். அவளிடம் போனைக் கொடுக்க மனமில்லை. "புதுசா பிளேயர் வாங்குவது வீண் செலவா? போன்தான் எல்லாத்தையும் முழுங்கிவிடுமா?" என்று முடித்திருக்கிறார்.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு டச் போன்தான் வழி என்கிற இரண்டாம் பாதியை நான் ஏற்கமாட்டேன். ஈரோட்டில் டேப் ரெக்கார்டர் ஹெட் துடைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். என் மேசையில் திறந்து கிடந்த பிளேயர்களுக்குக் கணக்கில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோனியின் வாக்மேன் 1979 ஜூலையில் வந்தது. அதிலிருந்து சுமார் இருபது வருஷம் கேசட்டும் சிடியும்தான். 1998-ல் தென்கொரியாவின் எம்பிமேன் வந்தபோது அதன் கொள்ளளவு 32 எம்பி, அதாவது ஏழெட்டுப் பாட்டு. 2001 அக்டோபரில் ஆப்பிள் 5 ஜிபி ஐபாடைக் காட்டி, ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்றது. 2008 நிதியாண்டில் மட்டும் சுமார் 5 கோடியே 48 லட்சம் ஐபாட் விற்றது. உச்சம் அதுதான். அப்புறம் இறங்குமுகம். 2022 மே மாதம் கடைசி மாடலையும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஒரு எம்பி3 பிளேயரைத் திறந்து பார்த்தவருக்கு இது ஏன் நடந்தது என்று எளிதில் புரியும். உள்ளே இருப்பது ஒரு மெமரி சிப், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, எண்களை ஒலியாக மாற்றும் ஒரு சிப், ஒரு இயர்போன் துளை. இந்த நான்கும் போனுக்குள் எப்படியும் இருந்தே ஆக வேண்டியவை. மெமரி விலை இறங்க இறங்க, போனில் பாட்டு என்பது கிட்டத்தட்ட இலவசமாகச் சேர்ந்துகொண்டது. நம் பக்கம் அதை முதலில் கொண்டு சேர்த்தவை ஐபோன்கள் இல்லை. நோக்கியாவின் எக்ஸ்பிரஸ்மியூசிக் வரிசையும், முதுகு முழுக்க ஸ்பீக்கர் வைத்த சைனா செட்டுகளும்தான். பஸ் ஸ்டாண்டு ஓரக் கடைகளில் மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றிக்கொள்ள ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் அந்த வரிசையும் கலைந்தது.

ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் போன் பிளேயரை விழுங்கியாகிவிட்டது. எப்போதும் சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவர், கண் தெளிவாக இருப்பவர், புதுப் பாட்டுக் கேட்பவர், இவர்களுக்குத் தனிப் பிளேயர் தேவையே இல்லை. உங்கள் அப்பா இந்த மூன்றிலும் அடங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

முக்கியமான கேள்வி, அந்தப் பழைய பிளேயரில் என்ன பாட்டு இருக்கிறது என்பது. நீங்கள் அதைச் சொல்லவில்லை. பழைய சினிமாப் பாட்டு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை, எங்கும் கிடைக்கும். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களின் பிளேயரைக் கணினியில் போட்டுப் பார்த்தால் வேறு சிலதும் கிடக்கும். கோயில் நோம்பியில் (திருவிழாவில்) பதிவு செய்த உடுக்கடிக் கதைப்பாட்டு, ஊர்ப் பெண்கள் பாடிய கும்மி, வள்ளிக் கும்மி அரங்கேற்றத்தில் வாத்தியார் குரல், சில சமயம் மறைந்துபோனவர்களின் பேச்சு. கேசட்டில் இருந்து யாரோ மாற்றி ஏற்றியவை. எந்த ஆப்பில் தேடினாலும் இவை கிடைக்காது.

2016-ல் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக் கும்மியை ஒரே ஒரு மெமரி கார்டில் வைத்திருந்தேன். ஒருநாள் அந்தக் கார்டைச் செருகினால் காலியாகக் காட்டியது. எனக்குத் தெரிந்த வழி எல்லாம் பார்த்தும் ஒரு பாட்டுகூட மீளவில்லை. அதில் பாடிய இரண்டு பாட்டிகள் இப்போது இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பிளேயரைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் அதில் இருப்பதை முழுக்க ஒரு கணினியிலும், தனியாக ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்துவிடுங்கள். பிளேயரைக் கணினியில் செருகினாலே மின்சாரம் வந்துவிடும். பேட்டரி செத்திருந்தாலும் பெரும்பாலும் பாட்டுகளை எடுத்துவிடலாம். 4 ஜிபி என்பது, 128 கேபிபிஎஸ் என்கிற சாதாரண எம்பி3 தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி என்று வைத்தால், ஐந்து நிமிஷப் பாட்டு 800 சொச்சம். பத்து நிமிஷ வேலைதான்.

அப்புறம் பேட்டரி. சார்ஜ் நிற்காத பிளேயரில் பத்துக்கு எட்டு கேஸ் பேட்டரி கிழடு தட்டியதுதான், பிளேயர் நன்றாகவே இருக்கும். லித்தியம் பேட்டரி ஐந்நூறு தரம் ஏற்றி இறக்கினாலே சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மோட்டார் ரூம் ஜன்னலில் வெயில் படும்படி வைத்தால் இன்னும் சீக்கிரம். உங்களுடையது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, நல்ல உழைப்பு.

உள்ளே வெள்ளித்தாள் சுற்றியது போல ஒரு தட்டைப் பேட்டரி இருக்கும். அதன் மேல் ஆறு இலக்க எண் ஒன்று அச்சடித்திருக்கும். உதாரணத்துக்கு 402030 என்று இருந்தால் 4.0 மில்லிமீட்டர் கனம், 20 அகலம், 30 நீளம் என்று பொருள். அந்த எண்ணும் 3.7 வோல்ட்டும் ஒத்திருந்தால் எந்த கம்பெனி பேட்டரியும் பொருந்தும். அதே எண் கிடைக்காவிட்டால் கொஞ்சம் சிறிய அளவு வாங்கலாம், சற்று சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். சிவப்பு, கறுப்பு என்று இரண்டே ஒயர். பற்றவைக்கத் தெரிந்த எந்தப் போன் சர்வீஸ் கடையிலும் அரைமணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். புதுப் பிளேயர் விலையோடு பார்த்தால் செலவு சொற்பம். ஒரே எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், கத்தியால் நெம்பிப் பார்க்காதீர்கள். ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். அப்படியே கடைக்காரர் கையில் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் அப்பாவுக்கு முதல் வழி இதுதான். பதினைந்து வருஷமாக எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன வரும் என்று அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். 71 வயதில் அதை மாற்றச் சொல்வது நமக்குச் சின்ன விஷயம், அவருக்கு இல்லை.

பிளேயரின் போர்டே (உள்ளே இருக்கும் சர்க்யூட் அட்டை) போய்விட்டது என்றால் அடுத்த வழி, கார்டு போடும் பட்டன் போன். பெரும்பாலான பட்டன் போன்கள் 32 ஜிபி வரை கார்டு எடுக்கும். ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு மூன்று நாள் வரும். ஈரக் கையிலும் பட்டன் வேலை செய்யும். சத்தமும் வெளியே நன்றாகக் கேட்கும். இல்லையென்றால் கார்டும் பென்டிரைவும் படிக்கிற சின்ன ரேடியோ ஸ்பீக்கர் வாங்கலாம். கடையில் அதன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நோக்கியா போனில் இருந்த பிஎல்-5சி மாதிரி கழற்றி மாட்டும் பேட்டரி இருந்தால் எடுங்கள், நாளைக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி வைத்த பேட்டரி என்றால் வேண்டாம். கோவை வானொலி கேட்கிற பழக்கம் இருந்தால் இதிலேயே எஃப்எம்மும் கிடைக்கும். இயர்போன் துளை இல்லாத புதுப் போன்களில் அநேகமாக எஃப்எம் கிடையாது. இயர்போன் ஒயர்தான் அதற்கு ஏரியல்.

இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பாட்டு ஏற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மலிவான போர்டுகள் எஃப்ஏடி32 என்ற, பைல்களை அடுக்கும் பழைய முறையில் ஃபார்மேட் செய்த கார்டைத்தான் படிக்கும். 64 ஜிபி கார்டுகள் வேறு முறையில் வருவதால் "நோ கார்டு" என்று சொல்லும். அதனால் 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம். இரண்டாவது, நிறையக் கருவிகள் பாட்டைப் பெயர் வரிசையில் பாடாது, எந்த வரிசையில் நகல் எடுத்தோமோ அந்த வரிசையில் பாடும். நம் டவுன் பஸ்களில் பென்டிரைவைச் செருகினால் சோகப் பாட்டும் குத்துப் பாட்டும் மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கார்டைக் காலி செய்துவிட்டு, காலையில் வேண்டிய சாமி பாட்டை முதலில் ஏற்றி, மற்றதை அப்புறம் ஏற்றுங்கள். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கிற 512 ஜிபி கார்டைத் தொடவே தொடாதீர்கள். வெளியே போட்டிருக்கும் அளவு உள்ளே இருக்காது. உள்ளது நிறைந்ததும் ஏற்றுகிற பாட்டெல்லாம் கெட்டுப்போகும்.

வீட்டில் சும்மா கிடக்கும் டச் போனை சிம் எடுத்துவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டு, விஎல்சி மாதிரி பாட்டு ஓட்டும் ஒரு ஆப் வைத்துப் பிளேயராக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், உங்களுக்கோ எனக்கோ. அழைப்பு வந்து பாட்டு நிற்காது, பேட்டரியும் நாள்கணக்கில் வரும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்தால் போதும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது நம் பாட்டு ஆகிவிடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் டவுன்லோட் செய்தது ஓடாது. சந்தா நின்றாலும் போச்சு. பைலாகக் கையில் இருக்கும் பாட்டுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

மகள் விஷயத்தில் நான் வேறு மாதிரி யோசிப்பேன். பழைய போனைக் கொடுத்தால் வீட்டு வைஃபை இருக்கிறது, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட் இருக்கிறது. சிம் இல்லாதது ஒரு தடையே இல்லை. நீங்கள் எதைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ அது பின்வாசல் வழியாக வந்துவிடும். அவளுக்குத்தான் புதுசாக ஒரு சாதாரண பிளேயர் வாங்குங்கள். இணையம் இல்லாத, சட்டையில் மாட்டுகிற சின்ன ரகம் போதும். விலை உயர்ந்த சோனி வாக்மேன்கள் இன்றும் வருகின்றன. ஆனால் அவை நல்ல ஹெட்போனும் சிடி தரப் பாட்டுகளும் வைத்திருப்பவர்களுக்கானவை. புதியவற்றில் ஆண்ட்ராய்டே ஓடுகிறது, உங்கள் நோக்கத்துக்கு நேர் எதிர். ப்ளூடூத் இயர்போன் வேண்டாம், ஒயர் போதும்.

அவளிடம் சத்தத்தைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. வீட்டில் இயர்போனின் டெசிபலை எளிதில் அளக்க முடியாது. அதனால் எளிய வழி: முழுச் சத்தத்தில் பாதியைச் சற்றுத் தாண்டலாம், அதற்கு மேல் வேண்டாம். இயர்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் இருந்து சாதாரணமாகக் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக்காரர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். விசைத்தறி செட்டில் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கும். அதையும் மீறிக் கேட்க வேண்டும் என்று இயர்போனில் சத்தத்தைக் கூட்டினால், எட்டு மணி நேர ஷிப்டில் காதுக்குள் போவது அதைவிட அதிகம். போனோ பிளேயரோ, தறி ஓடும்போது மட்டும் வேண்டவே வேண்டாம். காது போனால் எந்தச் சர்வீஸ் கடையிலும் மாற்ற முடியாது. ஒயர் தறியில் மாட்டும் ஆபத்து தனி. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ தறி ஓட்டுபவர் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கும் வாய்க்கால் மேட்டிலும் ரோட்டோரத்திலும் நடக்கும்போது ஒரு காது திறந்தே இருக்கட்டும். பின்னால் வரும் டெம்போ கேட்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் நகல் எடுக்கிற வேலையை முடியுங்கள். 2009 பிளேயர் என்றால் அதன் ஒயர் இன்றைய போன் ஒயர் இல்லை, மினி யூஎஸ்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டில் தொலைந்திருந்தால், பழைய டிஜிட்டல் கேமரா வாங்கிய டப்பாவைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஒயர்தான் அதிலும் வந்திருக்கும்.