கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது?

கேள்வி: கண்டி மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். 2020 ஆகஸ்டில் விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம் நிலம் அதிர்ந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. கணவர் கொழும்பில் வேலை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், நகை எல்லாவற்றையும் பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரையும் ஓடப் பழக்கியிருக்கிறேன். மேட்டை வெட்டிப் பின்னால் இறக்கிய காம்பராவில் நடக்கமுடியாத மாமியார் இருக்கிறார். “என்னைப் பார்க்காதே, பிள்ளைகளோடு ஓடு” என்று அவரே சொல்லிவிட்டார். பெரிய பூமியதிர்ச்சி வருமா? இன்னும் என்ன ஆயத்தம் செய்யவேண்டும்?

பதில்:

தங்கச்சி, பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாமியாரைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

“ஓடு” என்று அவரே சொன்னாராம். பை கட்டுகிறீர்கள், பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள், அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்று மட்டும் வீட்டில் ஒருத்தரும் பேசவில்லை. கிடையில் கிடக்கிறவர் வேறு என்ன சொல்வார்? உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று சொன்னதை நீங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டீர்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இப்படி எழுதுகிறவர் நீங்கள் மட்டுமில்லை என்பதால் கோபம் கூடத்தான் செய்கிறது.

அதிலும் எந்தக் காம்பராவில் வைத்திருக்கிறீர்கள்! இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால் இங்கே உணரப்படுபவை பெரும்பாலும் சிறு அதிர்வுகள். 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பக்கம் வந்ததும் அப்படித்தான். பெரியது வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் வெட்டிவிட்ட மேடு விழப் பூமியதிர்ச்சி வேண்டியதில்லை, மழையே போதும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் செய்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீட்டிலேயே ஆபத்தான மூலையில், எழுந்து நடக்கமுடியாத ஒரே ஆளைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

இன்றைக்கே கட்டிலை முன் காம்பராவுக்கு மாற்றுங்கள். இடம் போதாவிட்டால் அலுமாரி பின்னால் போகட்டும். தலைக்கு மேலே பலகையில் பெட்டியோ விறகோ இருக்கக்கூடாது. நிலம் அதிரும்போது ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் கிடைக்காது. அந்தச் சில வினாடிக்கு அவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. அதிர்வு நின்றதும் எல்லோரும் வெளியே, மேட்டுக்கு எதிர்ப்பக்கம் வரவேண்டும்.

அவரைத் தூக்கக் கனத்த கம்பளி ஒன்றும் நாலு ஆட்களும் வேண்டும். யார் அந்த நாலு பேர் என்று பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் இப்போதே பேசிவைத்து, பகலில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த 150 வரைக்கும் காத்திருக்கக்கூடாது. 100 என்றதுமே அவரைத் தூக்கிவிடுங்கள். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, கலங்கிய பீலித் தண்ணீர், இதில் எதைக் கண்டாலும் மழைக் கணக்குப் பார்க்காமல் வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள்.

உங்கள் கணவர் இதற்கெல்லாம் என்ன சொன்னார்? கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. உங்களுக்கு அவர் மாமியார், அவருக்குப் பெற்ற தாய். பணம் அனுப்புவதோடு மகனின் கடமை முடிவதில்லை. அடுத்த லீவில் வந்து அந்த மேட்டடிக் காம்பராவைக் காலி செய்து, கானை வெட்டித் தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பழக்கியதையும் மாற்றவேண்டும். அப்பாயியை விட்டுவிட்டு ஓடுவதை ஒரு வீடு பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கக்கூடாது. ஒரு பிள்ளை டோர்ச்சை எடுக்கட்டும், மற்றது பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டி அந்த நாலு பேரையும் எழுப்பட்டும். இதை மாமியாருக்கு முன்னால் வைத்தே பழக்குங்கள்.